குச்சி ஏன் இடது கையில்?

இது நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது வீடியோ கேம் கடை தெரியும். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று எங்கு போனாலும் ஏதாவது ஒரு சந்தில் ஒற்றை ஷட்டர் கடை இருக்கும். உள்ளே மூன்று நான்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிவி பிக்சர் ட்யூப், அதன் வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து தலைகள். ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். பள்ளி விட்டு வீட்டுக்கு வராத பிள்ளையைத் தேடி அம்மாக்கள் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அதுதான். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு நானும் சிலரை வெளியே வரவழைத்திருக்கிறேன். யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

அந்தப் பெட்டியின் முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு சாய்வுப் பலகை இருக்குமே, குச்சியும் பட்டன்களும் பதித்தது, அதன் கதைதான் இன்றைக்கு. கன்ட்ரோல் பேனல் என்பார்கள். திரையில் ஓடிய விளையாட்டுகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கை பட்டதென்னவோ பலகையில்தான்.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். பவர் பிரஸ் ஓட்டுகிற வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. போன கோடை விடுமுறையில் தன் பையனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில் கேட்டான்: "டீச்சர், பையனோட சேர்ந்து ஆட ஒரு பலகை செய்யலாம்னு பார்க்கறேன். நெட்ல எந்த அளவுப் படத்தை எடுத்தாலும் குச்சி இடது பக்கம், பட்டன் எல்லாம் வலது பக்கம். யார் டீச்சர் இப்படி வெச்சது? மாத்தி வெச்சா என்ன?"

நல்ல கேள்வி கேட்கிற பிள்ளைக்கு உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்பது என் பழக்கம். தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

ஜாய்ஸ்டிக் பிறந்த வீடு விமானம். ஒற்றை ஆள் ஓட்டும் பழைய சண்டை விமானங்களில் வலது கையில் குச்சி இருக்கும், இடது கையில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இருக்கும். ஆக, பிறந்த வீட்டில் அது வலது கைப் பிள்ளை. புகுந்த வீட்டில்தான் இடது கைக்குப் போனது.

போன உடனேயும் அல்ல. 1972-ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி கொண்டுவந்த பாங் பெட்டியில் குச்சியே கிடையாது. ஆளுக்கொரு திருகுகுமிழ், அவ்வளவுதான். 1979-ல் வந்த ஆஸ்டராய்ட்ஸ் பலகையில் ஐந்து பட்டன்கள். திரும்ப இரண்டு, முன்னே பாய ஒன்று, சுட ஒன்று, சட்டென்று மறைந்து வேறிடத்தில் முளைக்க ஒன்று. 1980-ல் வந்த மிஸைல் கமாண்டில் பலகைக்குள் பெரிய பந்து ஒன்றைப் புதைத்து வைத்தார்கள். அதை உருட்டுவது வலது கை, சுடும் பட்டன் மூன்றும் இடது கைக்கு. அதே வருடம் ஜப்பானில் நாம்கோ கம்பெனியின் பேக்மேன். அதில் நான்கு திசைக்கு அசையும் ஒரே ஒரு குச்சி. சுட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை, ஆகவே எந்தக் கையாலும் ஆடலாம். அட்டாரி 1977-ல் வீட்டு டிவிக்கென்று விற்ற பெட்டியின் ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். சிவப்பு பட்டன் இடது மூலையில் இருக்கிறது. இடது கையால் பிடித்து, இடது கட்டை விரலால் அழுத்தி, வலது கையால் குச்சியை ஆட்ட வேண்டும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர்!

அந்தச் சில வருடங்களில் எந்தக் கைக்கு எந்த வேலை என்று சட்டம் எதுவும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு விளையாட்டும் தன் பலகையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. 1981-ல் நிண்டெண்டோவின் டாங்கி காங் பெட்டியில் குச்சி இடது பக்கம், குதிக்கிற பட்டன் வலது பக்கம். அடுத்த வருடம் அதே விளையாட்டைக் கையடக்கக் கருவியாகச் செய்தபோது கும்பெய் யோகோய் என்பவர் குச்சிக்குப் பதிலாகக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டனை இடது கட்டை விரலுக்கு வைத்தார். 1983-ல் வந்த ஃபேமிகாம் வீட்டுப் பெட்டிக்கும் அதுவே போனது. நம் ஊரில் கேசட் போட்டு ஆடிய வீடியோ கேம் எல்லாம் பெரும்பாலும் அந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். அதோடு ஒரு தலைமுறையின் இடது கட்டை விரலுக்குத் திசை காட்டும் வேலை நிரந்தரமாகிவிட்டது.

இதற்கு ஒரு காரணம் பரவலாகச் சொல்வார்கள். பெரும்பாலானோருக்கு இடது கை மந்தம். மந்தமான கைக்குக் கஷ்டமான வேலையைக் கொடுத்தால் ஆட்டம் சீக்கிரம் முடியும், அடுத்த காசு விழும் என்று. கேட்கச் சுவையாக இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மயிலாப்பூரில் யார் வீட்டிலாவது வீணை வாசித்தால் போய்ப் பாருங்கள். இருபத்துநான்கு மெட்டு மேலும் நகர்ந்து, தந்தியை இழுத்து, கமகம் கொண்டுவருவது இடது கை. வலது கை மீட்டுகிறது. எங்கே என்பது இடது கைக்கு, எப்போது என்பது வலது கைக்கு. வீணைக்காரர்கள் யாரும் இடது கைக்குத் தண்டனை கொடுத்ததாக நினைப்பதில்லை. படபடவென்று பட்டன் தட்டும் விளையாட்டுகள் பெருகப் பெருக, 'எப்போது' என்பதே பெரிய வேலையாயிற்று. வலக்கைக்காரர்கள் அதை வலது கைக்கு எடுத்துக்கொண்டார்கள். என் கணிப்பு இவ்வளவுதான்.

பலகையைக் கெட்டிப்படுத்தியதில் காசுக்குப் பங்கு இருக்கிறது, ஆனால் வேறு விதமாக. எண்பதுகளின் நடுவில் ஜப்பானில் இயந்திரத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஜாமா என்ற பெயரில் ஒரு பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. ஐம்பத்தாறு முனை உள்ள ஒரே இணைப்பி. விளையாட்டு போரடித்துவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் போர்டை மட்டும் கழற்றி வேறு போர்டைச் செருகினால் போதும். கடைக்காரருக்கு லாபம். ஆனால் ஒன்று கவனியுங்கள். போர்டு மாறும், பலகை மாறாது. ஆளுக்கு ஒரு குச்சியும் மூன்று பட்டனும் என்ற அளவுக்கே அந்த இணைப்பியில் பொதுவாக இடம் இருந்தது. அதுவரை விளையாட்டுக்குத் தகுந்தபடி பலகை செய்தார்கள். அதன் பிறகு பலகைக்குத் தகுந்தபடி விளையாட்டு செய்ய வேண்டியதாயிற்று.

இதை மீறிப் பார்த்தது ஸ்ட்ரீட் ஃபைட்டர். 1987-ல் வந்த முதல் விளையாட்டின் பெட்டியில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் வைத்தார்கள். எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி விழும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கையும் வலித்தது, இயந்திரமும் உடைந்தது. திண்டை எடுத்துவிட்டு மூன்று மூன்றாக ஆறு பட்டன் வைத்தார்கள். 1991-ல் வந்த இரண்டாம் பாகம் உலகத்தையே கட்டிப் போட்டபோது அந்த ஆறு பட்டனும் கூடவே பரவின. ஜாமா இணைப்பியில் குத்து மூன்றுக்குத்தான் இடம், உதை மூன்றுக்கும் தனியாக ஒரு கம்பிக் கொத்து இழுக்க வேண்டும். அதை இழுக்காத கடையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடினால் கால் இல்லாமல் சண்டை போடுவது போலத்தான்.

நம் கடைகளின் ராஜா எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "முஸ்தபா" என்பீர்கள். அந்த விளையாட்டின் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மார்க் ஷுல்ட்ஸ் என்பவர் வரைந்த காமிக்ஸை வைத்து 1993-ல் கேப்காம் கம்பெனி செய்தது. நான்கு வீரர்களில் ஒருவன் பெயர் முஸ்தபா, இந்தியா முழுக்க விளையாட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1996-ல் 'காதல் தேசம்' படத்தின் பாட்டும் சேர்ந்துகொண்டபோது கேட்க வேண்டுமா?

அது இங்கே அவ்வளவு நாள் ஓடியதில் பலகைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அதற்கு வேண்டியது ஒரு குச்சி, இரண்டு பட்டன். ஒன்று அடிக்க, ஒன்று குதிக்க. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றியிருக்கும் எல்லோரையும் வீழ்த்தும் பெரிய அடி, ஆனால் அதற்கு நம் உயிர்க் கோட்டில் கொஞ்சம் குறையும். மூன்று பேர் வரை ஒரே பக்கம் நின்று ஆடலாம். பட்டன் பழுதானால் பக்கத்துப் பெட்டியில் இருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுவிடலாம். உருண்டைப் பிடி கழன்று வெறும் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலையிலும் ஆடக்கூடிய விளையாட்டு அது.

இப்போது என் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டே பட்டன்தானே, மீதி மூன்று விரல் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவனிடம் கேட்டேன். மேஜை மேல் கையை வைத்துக் காட்டினான். கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல் இருக்கின்றன. மோதிர விரலால் தட்டலாம், ஆனால் சுண்டு விரலும் கூடவே இறங்குகிறது. நீங்களே செய்து பாருங்கள், மோதிர விரலை மட்டும் வேகமாகத் தட்டுவது முழுக் கை இருப்பவர்களுக்கே எளிதல்ல. சரி, குச்சியை வலது பக்கமும் பட்டனை இடது பக்கமும் மாற்றி வைக்கலாமா? அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அதையும் சோதித்துவிட்டான். சின்ன வயதில் இருந்து திசை காட்டிப் பழகிய இடது கை தட்டத் தெரியாமல் திணறுகிறது, வலது கை திசை தெரியாமல் திணறுகிறது. பழக்கம் என்பது அப்படி.

வழி காட்டியது 1982-ல் வந்த ஒரு விளையாட்டு. ரோபோட்ரான் 2084. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கம்பெனிக்காக யூஜின் ஜார்விஸ், லாரி டிமார் இருவரும் செய்தது. கார் விபத்தில் ஜார்விஸின் வலது கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டு பட்டனையும் அழுத்த அவரால் முடியவில்லை. பட்டனே வேண்டாம், இரண்டு குச்சி வைப்போம் என்று யோசித்தார். இடது குச்சி நடக்க, வலது குச்சி எந்தத் திசையில் தள்ளினால் அந்தத் திசையில் சுட. முதல் மாதிரிக்கு அட்டாரியின் வீட்டு ஜாய்ஸ்டிக் இரண்டை ஒரு பலகையில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் கையால் செய்த பலகைதான்! இன்று கட்டை விரல் இரண்டாலும் இரண்டு குச்சியை ஆட்டி நடப்பதும் சுடுவதுமாகப் பிள்ளைகள் விளையாடுகிறார்களே, அந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று இந்த ரோபோட்ரான். ஒரு மனிதரின் கைக்கட்டிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்போ பட்டனே இல்லாம செய்யலாம்" என்றான்.

செய்தார்கள். அப்பாவும் பிள்ளையும் உழைத்தார்கள், மரம் இழைக்கிற வேலைக்கு என் அண்ணன் மகன் போய் உதவினான். என் பங்கு சார்ட் பேப்பர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வது போல அவன் இரண்டு கைகளையும் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, மணிக்கட்டு எங்கே ஓய்வெடுக்கிறது, உள்ளங்கை எங்கே வருகிறது என்று குறித்துக் கொடுத்தேன். பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட். குச்சி வரும் இடத்தில் மட்டும் அடியில் குடைந்து மெலிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே நீளும் கம்பி குட்டையாகிவிடும். குச்சி, கம்பி, முனைகள் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன யுஎஸ்பி போர்டை ஆன்லைனில் வரவழைத்தான்.

குச்சிக்கு அடியில் நான்கு மைக்ரோ ஸ்விட்ச்கள் இருக்கின்றன, திசைக்கு ஒன்று. 1932-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த சாதனம். உள்ளே வளைந்த ஒரு தகடு ஸ்ப்ரிங். மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் குறிப்பிட்ட இடம் வந்ததும் டக்கென்று மறுபக்கம் தாவிவிடும். அந்த 'டக்' சத்தம்தான் கடைக்கு வெளியே வரை கேட்டது. போர்டுக்கு, பட்டன் அழுத்தினாயா குச்சி தள்ளினாயா என்றெல்லாம் தெரியாது. ஏதோ ஒரு ஸ்விட்ச் மூடியது என்று மட்டும் தெரியும். ஆகவே வலது குச்சியின் கம்பிகளைப் பட்டனுக்குரிய இடத்தில் செருகினால், குச்சியே பட்டனாகிவிடும்.

மேலே தள்ளினால் குதி, வலது பக்கம் தள்ளினால் அடி. மூலைவாக்கில் தள்ளினால் இரண்டு ஸ்விட்சும் ஒன்றாக மூடும், அந்தப் பெரிய அடி தானாகவே வந்துவிடுகிறது. இது யாரும் திட்டமிடாமல் கிடைத்த போனஸ். ஆனால் தொடர்ந்து அடிக்க ஒவ்வொரு தடவையும் தள்ளி விட்டு, குச்சி நடுவுக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விரலால் தட்டும் பிள்ளையோடு அப்பா ஈடு கொடுக்க முடியவில்லை. இதைத் தீர்த்தது அந்தப் பையன், ஏழாம் வகுப்பு. இடது பக்க ஸ்விட்ச் சும்மாதானே இருக்கிறது, அதன் கம்பியையும் அடிக்கிற இடத்திலேயே சேர்த்துவிடலாமே என்றான். சேர்த்தார்கள். இப்போது குச்சியை இடமும் வலமுமாக ஆட்டினால் போகும்போது ஒரு அடி, வரும்போது ஒரு அடி. உருண்டையைப் பிடிக்கக்கூட வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும்.

(எந்த மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: மேம். இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா 1997-ல் தொடங்கியது, பழைய போர்டுகளின் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து காட்டும் நிரல். நிரல் இலவசம், விளையாட்டுகளின் உரிமை அந்தந்தக் கம்பெனிக்கு. அது வேறு, இது வேறு.)

கம்பி கோத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவன் பிரஸ் மெஷினைப் பற்றிச் சொன்னான். ஒழுங்கான பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன், நடுவில் நல்ல இடைவெளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்குள் கை இருக்க முடியாது, அதுதான் பாதுகாப்பு. அவன் வேலை பார்த்த பட்டறையில் வேகத்துக்காக ஒரு பட்டனை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் ஓட்டலாம். அப்படித்தான் போயிற்று. "அதுவும் இதே மாதிரி ஸ்விட்ச்தான் டீச்சர்" என்று கையில் இருந்ததைக் காட்டிச் சொல்லிவிட்டு அடுத்த கம்பியை எடுத்தான். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் இந்தப் பக்கத்தில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நாளைக்கே போய் உங்கள் மெஷினில் இரண்டு பட்டனும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

2018-ல் மைக்ரோசாஃப்ட், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே ஒரு எக்ஸ்பாக்ஸ் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்புறம் பத்தொன்பது துளைகள், ஹெட்ஃபோன் செருகுவோமே அதே மாதிரி. ஒவ்வொன்றிலும் அவரவருக்கு வசதியான ஸ்விட்சைச் செருகிக்கொள்ளலாம். காலால், முழங்கையால், தலையால் எதனாலும் அழுத்தலாம். வசதி உள்ளவர்கள் அதை வாங்கலாம். தச்சரும் ரிச்சி தெருவும் அருகில் இருப்பவர்கள் இப்படியும் செய்துகொள்ளலாம். அளவு வரைந்த சார்ட் பேப்பர் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆனால் அது அவன் கைக்கு வரைந்தது. உங்கள் கையை நீங்கள்தான் வரைய வேண்டும்.

முஸ்தபா முடிந்தது. அடுத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் வேண்டும் என்று பையன் பிடிவாதம். ஆறு பட்டனுக்கு வலது குச்சி போதாது. "உதைக்குக் கால்தானே டீச்சர் பொருத்தம்" என்று தரையில் பெடல் வைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தையல் மெஷின் மோட்டாரின் பெடல் இதற்குச் சரிப்படாது, அது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. அழுத்தினால் மூடி, விட்டால் திறக்கும் கால் ஸ்விட்ச் வேண்டும், மூன்று. யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள், அவனே வந்து வாங்கிக்கொள்வான்.